ஏழாம் நாளே கேட்ட மன்னிப்பு

ஆரணி ஆஸ்பத்திரியில் கனகவதி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றுகொண்டேதான் முடிப்பாள். பட்டணத்தில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த நர்ஸ் அவள். அங்கே சேர்ந்த முதல் நாளே மூன்று பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். வார்டுக்குள் உட்காராதே. நோயாளிக்கு முதுகைக் காட்டாதே. சாவியை இடுப்பிலிருந்து எடுக்காதே. எண்பத்தொன்றில் ஆரணிக்கு மாற்றலாகி வந்தாள். ஐந்து வருஷம் ஆகியும், நடக்கும்போது அவளுடைய இடது கை தானாக இடுப்புக்குப் போய், இல்லாத சாவிக்கொத்தைத் தடவிப் பார்க்கும்.

எண்பத்தாறு ஆவணிக் கடைசியில் அந்தப் பயிற்சி வந்தது. மன வைத்தியப் பிரிவில் இருப்பவர்களுக்கும் இனி சேரப்போகிறவர்களுக்கும் இரண்டு வாரம். பதினொரு பேர். நெசவாளர் சங்கத்து மாடி ஹாலில் பாய் விரித்துப் போட்டிருந்தார்கள். கீழே பத்துத் தறி ஓடும். பேசுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தத் தடதடப்புக்கு மேலே தூக்கிப் போட வேண்டும்.

பயிற்சி கொடுக்க வந்த டாக்டர் ஜெயவேலுக்கு முப்பத்தொரு வயது. கனகவதிக்கு நாற்பத்து நான்கு. 'இந்தப் பிள்ளை எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறது' என்று சுவரோரம் நின்றபடியே கேட்டாள்.

அவர் சொன்னது சின்ன விஷயம்தான். மனம் உடைந்து, உயிரை விடலாமா என்று ஒருவர் தத்தளிக்கிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் எல்லாம். அதற்கு அவர் மூன்று பாடம் வைத்திருந்தார். உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் புத்தி சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். முதல் பாடமே கனகவதி பன்னிரண்டு வருஷம் காப்பாற்றியதற்கு நேர் எதிர்.

"இன்னா சார் இது!" என்றார் காத்தவராயன். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், அவர் இருக்கிற இடத்தில் அமைதி இருக்காது. "சும்மா கெடக்கறவன்கிட்ட போயி நாமளே அந்தப் பேச்ச எடுத்தா, மறந்திருந்தவனுக்குக்கூட ஞாபகம் வந்துடும் சார்."

"சும்மா கெடக்கறவன்கிட்ட கேக்கச் சொல்லலைங்க. உள்ள அதையே நெனைச்சுகிட்டு இருக்கறவருக்கு, இன்னொருத்தர் வாயிலேருந்து வந்தா பாரம் கொறையும்" என்றார் ஜெயவேல்.

யாரும் நம்பவில்லை. கனகவதியும் நம்பவில்லை.

நடித்துப் பார்க்கும் பயிற்சியில் கலசப்பாக்கத்துச் சுகாதாரச் செவிலி பாஞ்சாலை, வாழ்க்கை வெறுத்த பெண்ணாக முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கு இனிமே இன்னா கீது சிஸ்டர். போய்ச் சேந்துட்டா நிம்மதி."

கனகவதி எதிரே நின்றாள். "ஏம்மா, ரெண்டு கொழந்தைய வச்சிகினு இப்படிப் பேசலாமா? கோயிலுக்குப் போ. மனச தைரியமா..."

டங்! ஜெயவேல் பேனாவால் தண்ணீர்ச் சொம்பைத் தட்டினார். "நாற்பது செகண்ட்தான் புத்தி சொல்லாம இருந்தீங்க. நேத்து முப்பது. முன்னேற்றம்தான்."

"எனக்கு ஏது சிஸ்டர் ரெண்டு கொழந்த? நான் சொல்லவே இல்லியே!" என்றாள் பாஞ்சாலை. ஹாலே சிரித்தது. கனகவதியும் சிரித்தாள், ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது 'நாற்பது செகண்ட்' கால் செருப்பில் புகுந்த கல் மாதிரி கூடவே வந்தது.

இரண்டாவது வாரம் தொடங்குவதற்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை, தேசூருக்கு இரண்டு மைல் தள்ளியிருக்கும் தன் ஊருக்குப் போனாள். தமிழ்ச் சமணர்களான நயினார்கள் வீடுகளில் அப்போது தசலட்சண நோன்பு நடந்துகொண்டிருந்தது. ஆவணி, புரட்டாசியில் வரும் பத்து நாள். பலரும் ஒருபொழுது உண்பார்கள். கனகவதியும் அப்படித்தான். வைராக்கியம் உள்ளவர்கள் பத்து நாளும் காய்ச்சி ஆறிய தண்ணீரோடு இருப்பார்கள். வருஷத்துக்கு ஒருவர், இருவர்தான் அப்படி அமைவார்கள். அந்த வருஷம் அமைந்தவர் அவளுடைய அக்கா ரத்னாவதியின் கணவர் ஆதிராஜ்.

ஆதிராஜ் அந்த ஊர் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஐம்பத்திரண்டு வயது. ஆடி மாதத்தில் அவர் வகுப்பில் ஒரு துக்கம் நடந்திருந்தது. கண்ணாடியை வீட்டில் மறந்து வந்துவிட்டார். "யாராவது ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க" என்றார். ஆறாம் வகுப்புச் சின்னபொண்ணு ஏரிக்கரை வழியாக ஓடினாள். கரையில் பாம்பு தீண்டிவிட்டது. வந்தவாசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதன் பிறகு ஆதிராஜ் கண்ணாடி போடுவதில்லை. ஒரு மாதம் தூக்கமில்லாமல் முற்றத்தில் அலைந்தவர், நோன்பு தொடங்கியதும் தெளிந்துவிட்டார் என்று அக்கா சந்தோஷப்பட்டாள்.

உண்மையிலேயே தெளிந்துதான் இருந்தார். ஏழாம் நாள். முகம் மெலிந்து, கண் மட்டும் விளக்கு மாதிரி இருந்தது. தெருப் பெண்கள் வந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கைக்கடிகாரத்தைப் பள்ளிக்கூடப் பியூனுக்குக் கொடுத்துவிட்டாராம். புத்தகப் பெட்டி பள்ளிக்கு, குடை எதிர் வீட்டுக்கு. "பற்றே போயிடுச்சு உங்க மாமாவுக்கு" என்றாள் அக்கா, குரலில் பெருமை தாங்காமல்.

கனகவதி கிளம்பும்போது ஆதிராஜ் எழுந்து வந்து கைகூப்பினார். "கனகா, தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கோ."

"பொறுத்தேன் மாமா. நீங்களும் என்னைப் பொறுக்கணும்" என்று வழக்கமான பதிலைச் சொல்லி, காலில் விழுந்து எழுந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கும் பெருமைதான்.

மறுநாள் திங்கட்கிழமை. ஜெயவேல் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். பேச்சில் வெளிவராத முடிவு செய்கையில் தெரியும் என்றார். சாப்பாடு குறையும். பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பார்கள். பழைய மனத்தாங்கல்களைத் தீர்ப்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். வெகுநாள் தவித்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், குணமாகிவிட்டது என்று நாம் நினைப்போம், அதுதான் ஆபத்து.

காத்தவராயன் கையைத் தூக்கினார். "சார், சாப்புடறதில்ல, தானம் குடுக்கறாங்க, மன்னிப்புக் கேக்கறாங்க. இந்தப் பட்டியல்படி பாத்தா நம்ம நயினார் தெருவையே இந்த வாரம் ஆஸ்பத்திரில சேக்கணும். சிஸ்டர்தான் மொத பெட்டு!"

எல்லோரையும்விடக் கனகவதிதான் உரக்கச் சிரித்தாள். ஜெயவேலுக்கு நோன்பைப் பற்றிச் சொல்லவும் தொடங்கினாள். "அது வேற சார். நாங்க வருஷா வருஷம் செய்யறது. மொதல்ல நோன்பு. பத்து நாளும் முடிஞ்சு, பதினோராம் நாள்தான் வீடு வீடாப் போயி மன்னிப்புக் கேப்போம். அதுக்கு முன்னாடி யாரும்..."

அங்கே வாய் நின்றது. கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று ஏழாம் நாள்.

விரல் விட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். பத்து முடிந்தபிறகு கேட்க வேண்டியதை ஏழாம் நாளே அவர் ஏன் கேட்டார்? நயினார் வீட்டில் பிறந்த ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும் அந்த வரிசை. வாத்தியார் தவறுவாரா? பதினோராம் நாள் தான் இருக்கப்போவதில்லை என்று நினைக்கிற மனுஷன்தான் முந்திக்கொள்வான். அவளோ காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

பையை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

"சிஸ்டர், எங்க?"

"பஸ்ஸுக்கு. எங்க மாமா சார். எங்க அக்கா வீட்டுக்காரர்." நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

காத்தவராயனுடைய முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ஜெயவேல் சாக்பீஸைக் கீழே வைத்தார். "போய் உட்காருங்க. நேரா கேளுங்க. தனியா விடாதீங்க. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல நான் வரேன். ஊர் பேர் சொல்லுங்க."

ஆரணி பஸ் நிலையத்தில் சேத்துப்பட்டு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடித் தொற்றினாள். பட்டுப்புடவை மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மா, சீட்டு காலியா கீதே, குந்தேன்" என்றார் கண்டக்டர்.

"பஸ் ஜல்தியாப் போகுமா?"

"நீ நின்னா ஜல்தியாப் போகுமா?"

ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது கோழிக்கூடையோடு ஏறினார்கள், யாராவது சில்லறைக்காகச் சண்டை போட்டார்கள். சேத்துப்பட்டில் தேசூர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முக்கால் மணியில் பஸ் நிலையத்தை எத்தனை முறை சுற்றினாள் என்று அவளுக்கே தெரியாது, வெற்றிலைக்கடைக்காரர் "யாரத் தேடறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். மனம் பழைய வார்டுக்கே ஓடியது. ஊசி போட்டுத் தூங்க வைத்தால்? அறையில் விட்டுப் பூட்டினால்? கை இடுப்பைத் தடவியது.

வீட்டில் அக்கா மட்டும் இருந்தாள். "நேத்துதானேடி வந்துட்டுப் போன? அவர் ஏரிக்கரைப் பக்கம் போயிருப்பார். தெனம் சாயங்காலம் அங்கதான் உக்காந்திருக்கார். தியானம்."

கனகவதி ஓடினாள். கரை மேட்டில் பனைமரத்து நிழலில் ஆதிராஜ் உட்கார்ந்திருப்பது தூரத்திலேயே தெரிந்தது. மூச்சு இரைக்க நின்றாள். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது. அப்புறம் புடவையை ஒதுக்கிக்கொண்டு, அவரிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, புழுதியில் உட்கார்ந்தாள்.

"அக்கா அனுப்பிச்சாளா?"

"இல்ல மாமா. நானா வந்தேன்."

"பயிற்சி?"

"பாதியில எழுந்து வந்துட்டேன்."

தண்ணீரோரம் கொக்கு ஒன்று நின்றது. நாற்பது செகண்ட் போயிற்று. இன்னொரு நாற்பதும் போயிற்று. கால் ஓடத் துடித்தது. உள்ளங்கையால் முழங்காலை அழுத்திக்கொண்டாள்.

"மாமா, நேத்து ஏழாம் நாள்தானே. அதுக்குள்ள ஏன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?"

அவர் கையிலிருந்த குச்சி மண்ணைக் கீறியது. "முன்னாடி கேட்டா ஆகாதா?"

"சாகணும்னு நெனைக்கிறீங்களா மாமா?"

பூச்சி விழுந்து செத்துவிடக் கூடாதென்று விளக்கை மூடி வைக்கிற குடும்பம் அது. அந்த வார்த்தையைச் சொன்னதும் அவளுக்கே உடம்பு கூசியது. நானே தள்ளிவிட்டுவிட்டேனோ என்று பயந்தாள். ஆனால் தலைச்சுமையை இறக்க யாரோ கைகொடுத்தது போல, ஆதிராஜின் தோள் மெல்லத் தணிந்தது.

"பத்து நாளோட நிறுத்தறதா இல்ல, கனகா" என்றார். "அப்படியே தொடர்ந்துடலாம்னு. பதினோராம் நாள் பேசத் தெம்பு இருக்குமோ இருக்காதோன்னுதான் முன்னாடியே கேட்டேன். யாருக்கும் சந்தேகம் வராது. நோன்புன்னுதானே நெனைப்பாங்க. தடுக்க மாட்டாங்க. கும்பிட்டு அனுப்பி வெப்பாங்க."

கனகவதியின் வாய் நிறைய வார்த்தை வந்து முட்டியது. உண்ணாமல் உயிர்விடும் விரதத்துக்குக் குருவின் அனுமதி வேண்டுமே, யாரிடம் வாங்கினீர்கள்? குற்ற உணர்ச்சியில் எடுப்பது விரதமா? அக்கா கதி என்ன? எல்லாம் நியாயமான கேள்விகள், ஒன்றுவிடாமல் விழுங்கினாள். விழுங்கியபிறகு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

"அன்னைக்கு என்ன நடந்துது மாமா? சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு மாதமாக ஊரில் எல்லோரும் அவரிடம் 'உங்க மேல தப்பில்ல' என்று சொல்லியிருந்தார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சொன்னார். பெரிய கதை இல்லை, ஆனால் வெகுநேரம் ஆயிற்று. கணக்குப் பாடம். கண்ணாடி இல்லாமல் புத்தகம் தெரியவில்லை. அவர் சொன்னதும் நாலு பேர் கை தூக்கினார்கள். "அவதான் முந்திக்கினா. 'நான் போறேன் சார், நான் போறேன் சார்'னு. நான் அவளப் பாத்து தலையாட்டினேன். வேற ஒரு பிள்ளையப் பாத்து ஆட்டியிருக்கலாம்." கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் பாம்பு. கண்ணாடி உடையவில்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்தது சின்னபொண்ணின் அம்மா. "விதி சாரே, நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு சொன்னா. அந்தம்மா என்னைத் திட்டியிருந்தா தேவலை, கனகா. மண்ண வாரித் தூத்தியிருந்தா தேவலை."

அழுதார். ஆடியிலிருந்து முதல் தடவையாக. கனகவதி சமாதானம் சொல்லவில்லை. முந்தானையைக் கொடுத்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது அவள் சொன்னாள்: "நேத்து பொறுத்தேன்னு சொன்னத நான் திருப்பி வாங்கிக்கறேன். வேளைக்கு முன்னாடி கேட்டீங்க, அது செல்லாது. வியாழக்கெழம பதினோராம் நாள். அன்னைக்கு ஆரணிக்கு வந்து முறையாக் கேளுங்க. அதுவரைக்கும் நான் உங்களப் பொறுக்கல."

அவர் வாயில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோயிற்று. "நீ நர்ஸா, வக்கீலா?"

"வருவீங்களா, இல்லையா?"

"பாக்கலாம்."

வீட்டில் அவரை வைத்துக்கொண்டே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரத்னாவதிக்கு முதலில் நோன்புதான் பெரிதாகப்பட்டது. "எட்டு நாள் இருந்துட்டு, இன்னும் ரெண்டு நாளுல கலைச்சா தெருவுல என்ன சொல்வாங்க..." என்று தொடங்கியவள், கணவர் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுப்படிக்கு ஓடி அரிசிக் கஞ்சி காய்ச்சினாள். பொழுது இறங்குவதற்குள் அவர் மூன்று கரண்டி குடித்தார். விசாரிக்க வந்த பெண்களிடம் "ஆமா, கலைச்சாச்சு. எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்" என்று ரத்னாவதியே வாசலில் நின்று சொன்னாள்.

செவ்வாய் காலை ஜெயவேல் வந்தார். ஆதிராஜோடு ஒரு மணி நேரம் பேசினார், மருந்து கொடுத்தார், அவரைத் தனியே விட வேண்டாம் என்றார், வியாழக்கிழமை ஆரணிக்கு வரச் சொன்னார். சேத்துப்பட்டு வழியாக வந்தால் பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடலாம்.

வியாழக்கிழமை பதினொன்றுக்கு அவர்கள் வரவில்லை.

கனகவதி மாடி ஜன்னலில் நின்றாள். தெருவில் நூல் வண்டிகளும் சைக்கிள்களும் போயின. பன்னிரண்டு மணி பஸ்ஸிலும் இல்லை. பாஞ்சாலை இரண்டு தடவை கீழே இறங்கி பஸ் நிலையம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு மணிக்குக் கனகவதி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஊருக்குக் கிளம்பினால் வழியில் அவர்களைத் தவறவிட்டுவிடுவோமோ என்று மறுபடி இறக்கி வைத்தாள்.

"சிஸ்டர், உட்காருங்க" என்றார் ஜெயவேல்.

"நோயாளி எதிர்ல உட்கார்றேன் சார். இப்ப முடியாது."

"நீங்க நடந்தா என் நெஞ்சு அடிச்சிகினு கீது" என்றார் காத்தவராயன். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

மூன்றே கால் மணிக்குப் படியில் சத்தம் கேட்டது. முதலில் வந்தது ரத்னாவதியின் குரல்.

"முப்பது வருசமா வாத்தியார்! போர்டப் பாத்துட்டு 'இதுதான் சேத்துப்பட்டு, ஏறு'ன்னார். வாத்தியாராச்சேன்னு நானும் ஏறினேன். வந்தவாசில கொண்டுபோய் எறக்கிவிட்டுட்டாண்டி! அங்கேருந்து வேற பஸ் பிடிச்சு, ஒரே பேஜாராப் போச்சு."

பின்னால் ஆதிராஜ் சுவரைப் பிடித்தபடி ஏறி வந்தார். "எழுத்து தெரியல" என்றார். "கேக்க வெக்கமா இருந்துது."

பயிற்சியில் கற்றது அத்தனையும் கனகவதிக்கு மறந்துபோயிற்று. "கண்ணாடி எங்க? கண்ணாடிய எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே? இங்க ஒருத்தி செத்துச் செத்துப் பொழைச்சிகினு இருக்கேன்..." என்று பொரிந்து தள்ளினாள். ஜெயவேல் சொம்பைத் தட்டவில்லை.

ஆதிராஜ் பாயில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடி வைத்துக் கட்டிய துணி முடிச்சு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அவிழ்க்கவில்லை.

"கனகா, நான் மன்னிப்புக் கேக்க வரல."

ஆதிராஜ் முடிச்சை விரலால் தடவினார்.

"யோசிச்சுப் பாத்தேன். கேட்டு முடிச்சுட்டா எல்லாம் முடிஞ்ச மாதிரி ஆயிடும். அடுத்த வருசம் கேக்கறேன். இப்ப குடிக்கத் தண்ணி குடு."

கனகவதி சொம்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை எதிரே பாயில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் கனகவதி வந்தவாசியில் புது நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தாள். சொம்பைத் தட்ட அவளுக்கும் ஒரு பேனா இருந்தது. நோன்பு முடிந்த பதினோராம் நாள் ஆதிராஜ் அங்கே வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, போர்டைத் தானே படித்து, சரியான பஸ்ஸில். தெருவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்றாம். சின்னபொண்ணின் அம்மாவிடமும் கேட்டாராம். அந்தம்மா இந்தத் தடவை நன்றாகத் திட்டினாளாம்.

"என்கிட்ட?" என்றாள் கனகவதி.

"உன்கிட்ட அடுத்த வருசம்."

எண்பத்தெட்டிலும் அதையேதான் சொன்னார். எண்பத்தொன்பதிலும்.